‘இதோ பாருங்க’ன்னா எங்கே பார்ப்பது? ஸ்மார்ட் வகுப்பும் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களும்

திருவொற்றியூரில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஸ்மார்ட் போர்டில் எண்ணூர் கழிமுகத்தின் வரைபடம். ஆசிரியர் கையில் ஸ்கேலோடு நின்று விளக்குகிறார்: “இதோ பாருங்க, ஆறு இப்படி வருது. இங்க வந்து விரியுது. இந்தக் கால்வாய் அதை இப்படி வெட்டுது. கடைசியா இங்க போய்க் கலக்குது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்” என்று வகுப்பே கத்துகிறது. முதல் பெஞ்சில் இருக்கும் குறைபார்வை உள்ள மாணவியும் சேர்ந்துதான் கத்துகிறாள். ஆனால் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? திரையை மறைத்துவிட்டு அந்த வாக்கியங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இதோ, இப்படி, இங்க, இந்த, அதை. ஆறு எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தக் கால்வாய், எதில் கலந்தது என ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் அந்த ஆறு அவள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் ‘இதோ பாருங்க’ கேட்காத வகுப்பறை எது?

இப்போது அதே பாடத்தை ஆசிரியர் இப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வோம்: “கொசஸ்தலை ஆறு மேற்குப் பக்கம் பூண்டி ஏரியைத் தாண்டி நம்ம ஊர்ப் பக்கம் வருது. கடல் கிட்ட வந்ததும் அகலமா விரியுது. வடக்கு தெற்கா ஓடுற பக்கிங்காம் கால்வாய் அங்க ஆத்தைக் குறுக்கே வெட்டுது. எண்ணூர் முகத்துவாரத்துல ஆறு வங்கக்கடல்ல கலக்குது. முகத்துவாரத்துக்கு வடக்கே காமராஜர் துறைமுகம், தெற்கே எண்ணூர்.”

கூடுதலாக ஆனது பத்துப் பதினைந்து விநாடி. புது மென்பொருள் இல்லை, செலவு இல்லை. பார்வை உள்ள மற்ற பிள்ளைகளுக்கும் கூட ஆற்றின் பெயரும் கால்வாயின் பெயரும் காதில் விழுந்துவிட்டன. முதல் விளக்கத்தில் அவர்களுக்குமே அது கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்கணும்.

கரும்பலகை இருந்தப்போ இந்தப் பிரச்சினை இல்லையா?

இருந்தது. ஆனால் கொஞ்சம் குறைவு. காரணம் எளிது. சாக்பீஸால் எழுதும்போது ஆசிரியர் வாயும் கூடவே ஓடும். “கொ... சஸ்... தலை ஆறு” என்று சொல்லிக்கொண்டேதான் எழுதுவார்கள். எழுதும் வேகமும் கேட்கும் வேகமும் ஒன்றாக இருந்தன. ஸ்லைடு அப்படி இல்லை. எட்டு வரி, இரண்டு படம், ஒரு அம்புக்குறி என்று மொத்தமும் ஒரே கிளிக்கில் வந்து நிற்கிறது. “படிச்சு எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுகிறார். பார்க்க முடியாத பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் வகுப்பே நின்றுபோன மாதிரி.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகளும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்துவிட்டன. கல்லூரிகளில் கேட்கவே வேண்டாம், பவர்பாயின்ட் இல்லாத செமினார் கிடையாது. இன்னொரு பக்கம், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளிகள் வடசென்னைக்குத் தள்ளியே இருக்கின்றன. அரசுப் பள்ளி பூந்தமல்லியில், செயின்ட் லூயிஸ் அடையாறில். எண்ணூரிலிருந்து ஒரு குழந்தை தினமும் போய்த் திரும்பும் தூரமா அது? விடுதியில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துத் தெரு பள்ளியில் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு, அந்த வகுப்பில் ஓடும் ஸ்லைடு புரிகிறதா இல்லையா என்பதுதான் எல்லாமே.

எல்லாருக்கும் எழுத்தைப் பெருசாக்கினா போதுமா?

போதாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மை, குறைபார்வை என இரண்டாகப் பிரிக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வைத்திறன் 6/18-க்குக் கீழே இருந்து 3/60 வரை என்றால் குறைபார்வை. அதாவது மற்றவர்கள் 18 மீட்டர் தள்ளி நின்று படிப்பதை, 6 மீட்டருக்குள் வந்தாலும் படிக்கத் திணறும் நிலை. 3/60-க்கும் கீழே போனால் பார்வையின்மை. இது தவிர பார்வைப் பரப்பையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரியும், ஆனால் குழாய் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் இடம்தான் தெரியும் என்பவர்களும் உண்டு.

விழித்திரை நிறமி பாதிப்பால் இப்படிக் குழாய்ப் பார்வை வந்த மாணவருக்கு எழுத்தை ராட்சச அளவில் போட்டால் என்ன ஆகும்? ஒரு பார்வைக்கு இரண்டு எழுத்துதான் சிக்கும். அவருக்கு நடுத்தர அளவே வசதி. அல்பினிசம் உள்ள பிள்ளைக்கு வெள்ளைத் திரையின் வெளிச்சமே கண்ணைக் கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நிம்மதி. நடுப்பார்வை போனவர் ஓரக்கண்ணால் பார்ப்பார், அதைப் பார்த்து “என்னடா வேற பக்கம் வேடிக்கை பாக்குற?” என்று திட்டுவது அநியாயம். எனவே முதல் வேலை, அந்த மாணவரிடமே தனியாகக் கேட்பது: “உனக்கு எது தெரியுது, எப்படி வெச்சா தெரியும்?”

நிற வேறுபாட்டுக்கு மட்டும் ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. இணைய உள்ளடக்கத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது. பெரிய எழுத்தாக இருந்தால் 3:1. நம் ஸ்லைடுகளில் ‘முக்கியம்’ என்று அடிக்கடி பயன்படுத்தும் பளிச் சிவப்பு, வெள்ளைப் பின்னணியில் சுமார் 4:1 தான் வரும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1:1-ஐ ஒட்டி நிற்கும், ஏறக்குறைய எழுதாததற்குச் சமம். அதே மஞ்சளைக் கறுப்பின் மேல் போட்டால் 19:1-ஐத் தாண்டும். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் அடிக்கும் வகுப்பறையில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் கீழே இறங்கிவிடும். ஒரு திரைச்சீலை போட்டால் தீரும் விஷயத்துக்கு மென்பொருளைத் தேட வேண்டாம்.

‘ஜே கே பி ஓ செமிகோலன்’: தமிழுக்கே உரிய சிக்கல்

முற்றிலும் பார்வையற்ற மாணவர் ஸ்லைடை எப்படிப் படிப்பார்? திரை வாசிப்பான் மூலம். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் இது. ஜாஸ் என்ற மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியது. என்விடிஏ முழுக்க இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கியது. ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் உள்ளேயே இருக்கிறது. தமிழ்க் குரலும் இருக்கிறது. விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் ‘வள்ளுவர்’!

ஆக, கருவி இருக்கிறது, குரலும் இருக்கிறது. பிறகென்ன? எழுத்துருதான் பிரச்சினை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உண்மையில் கணினிக்குள் பதிவாவது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். கண்ணால் பார்ப்பவருக்கு ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். திரை வாசிப்பானோ நேர்மையாக உள்ளே இருப்பதைப் படிக்கும்: “ஜே கே பி ஓ செமிகோலன்.” ஒரு முழு ஸ்லைடும் இப்படியே ஓடினால் காது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தீர்வு யூனிகோட். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி தமிழக அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகு இத்தனை வருடம் ஆகியும், டிடிபி கடையில் அடித்துக் கொடுத்த வினாத்தாள், பழைய சிடியிலிருந்து நகல் எடுத்த பாடக்குறிப்பு என்று பழைய எழுத்துருக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சோதிப்பது சுலபம். ஸ்லைடில் உள்ள ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பி வந்தால் அதுதான் பார்வையற்ற மாணவர் காதில் விழுவது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பாடப்புத்தகப் பக்கத்தை போனில் படம் பிடித்து அப்படியே ஸ்லைடில் ஒட்டுவது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸை போட்டோவாக அனுப்புவது. திரை வாசிப்பானுக்கு அது ஒரு படம், உள்ளே நூறு வரி இருந்தாலும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கதையும் இதுவே. ஆன்லைன் வகுப்பில் ஸ்கிரீன் ஷேர் செய்வதும் அப்படித்தான். ஆசிரியர் திரையில் எழுத்தாக இருப்பது மாணவர் பக்கம் வெறும் வீடியோவாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் கோப்பை வகுப்புக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள் என்று சொல்கிறார்கள். முந்தின நாள் வீட்டில் கேட்டுவிட்டு வந்த மாணவரால் வகுப்பில் ஆசிரியர் சொல்வதில் கவனம் வைக்க முடியும். திரை வாசிப்பானின் குரலும் ஆசிரியர் குரலும் ஒரே நேரத்தில் இரண்டு காதில் ஓடும் அவஸ்தை இல்லை.

படத்துக்கு என்ன எழுதுவது?

பவர்பாயின்ட்டில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் மாற்று உரை எழுதும் இடம் வரும். கூகுள் ஸ்லைட்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஒய் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். எழுதிய உரை திரையில் தெரியாது. திரை வாசிப்பான் மட்டும் படிக்கும்.

வழி தெரிவதைவிட என்ன எழுதுவது என்பதுதான் கடினம். எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் படகும் வலையும் எண்ணெய்ப் பிசுக்கானது. அந்தப் பரவலைக் காட்டும் ஒரு வரைபடம் ஸ்லைடில் இருக்கிறது. அதற்கு ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘எண்ணூர் வரைபடம்’ என்றாலும் கிட்டத்தட்ட அதேதான்.

பாடம் புவியியல் என்றால்: “மணலியிலிருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து வடக்கே எண்ணூர் கழிமுகம், பிறகு முகத்துவாரம் வழியாகக் கடல். எண்ணெய் போன பாதை அம்புக்குறியால் காட்டப்பட்டுள்ளது.” அதே படம் பொருளியல் வகுப்பில் வந்தால் சொல்ல வேண்டியது வேறு: எந்தெந்தக் குப்பங்கள் அந்தப் பாதையின் ஓரத்தில் இருக்கின்றன, மீன்பிடி இடங்கள் எங்கே. படம் ஒன்றுதான், எதற்காகக் காட்டுகிறோம் என்பது மாறும்போது மாற்று உரையும் மாறும். அந்தக் காரணத்தாலேயே செயற்கை நுண்ணறிவு தானாக எழுதித் தரும் விவரிப்பை அப்படியே விட்டுவிட முடியாது. ‘நீலமும் பச்சையும் கலந்த ஒரு வரைபடம்’ என்று அது சொல்லும், பொய்யும் இல்லை. ஆனால் பாடம் அதில் இல்லையே! முதல் வரைவாக வைத்துக்கொண்டு ஆசிரியர் திருத்தினால் நேரம் மிச்சம்.

அழகுக்காக ஓரத்தில் போட்ட பூ, பார்டர், புத்தகம் படிக்கும் கார்ட்டூன் பையன் போன்றவற்றை ‘அலங்காரம்’ எனக் குறித்துவிட்டால் திரை வாசிப்பான் தாண்டிப் போய்விடும். ‘சிவப்பில் இருப்பவை ஆபத்தான இடங்கள்’ என்பது போல நிறத்தை மட்டும் நம்பிய குறிப்புகளுக்குப் பக்கத்தில் எழுத்தோ கோடிட்ட வடிவமோ சேர்க்க வேண்டும். நிறக்குருடு உள்ள பையன்கள் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் உதவும்.

தலைப்பைத் தலைப்புக்கான கட்டத்திலேயே எழுத வேண்டும். தனி டெக்ஸ்ட் பாக்ஸில் பெரிதாக எழுதினால் திரை வாசிப்பானுக்கு அது தலைப்பு என்று தெரியாது. இரண்டு ஸ்லைடுக்கு ஒரே தலைப்பு வேண்டாம். கணிதச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் சமன்பாட்டுக் கருவியிலேயே அடிப்பது நல்லது. பவர்பாயின்ட்டின் ‘ரிவ்யூ’ பகுதியில் ‘செக் ஆக்சஸிபிலிட்டி’ என்று ஒன்று இருக்கிறது, எந்தப் படத்துக்கு உரை இல்லை, வாசிக்கும் வரிசை எங்கே குழம்புகிறது என்று அதுவே பட்டியல் போடும். ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அந்த உரையில் அர்த்தம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

விரலால் படிக்கும் வரைபடம்

சில விஷயங்களை எவ்வளவு சொன்னாலும் சொல்லில் அடங்காது. ஆற்றின் வளைவு, கழிமுகத்தின் வடிவம், பூவின் குறுக்குவெட்டு இதெல்லாம் தொட்டால்தான் புரியும். ஐஐடி டெல்லியில் உருவான ரெய்ஸ்டு லைன்ஸ் ஃபவுண்டேஷன் பாடப்புத்தகப் படங்களைத் தடவிப் பார்க்கும் புடைப்புப் படங்களாகத் தயாரிக்கிறது. அது கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசிமேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு வலை பின்னும் நைலான் நூல் கிடைக்காதா என்ன? சார்ட் அட்டையில் நூலை ஃபெவிகாலால் ஒட்டினால் ஆறு. நிலத்துக்கு உப்புத்தாள், கடலுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் தாள், துறைமுகத்துக்குச் சட்டைப் பொத்தான். ஒரு படத்தில் நாலைந்து விவரத்துக்கு மேல் திணிக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். கண் ஒரே வீச்சில் பார்ப்பதை விரல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்த்துக்கொள்ளும்.

‘படம் அதிகம், உன்னால முடியாது’

இதெல்லாம் கொஞ்சம் வசதிக்கான விஷயம்தானே என்று தோன்றலாம். ஸ்ரீகாந்த் பொல்லாவின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆந்திராவின் மச்சிலிப்பட்டினம் பக்கம் பிறந்த பார்வையற்ற மாணவர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல், கணிதம் எடுக்க ஆசைப்பட்டார். விதி அனுமதிக்கவில்லை. அந்தப் பாடங்களில் படங்களும் வரைபடங்களும் அதிகம், பார்வையற்றவரால் சமாளிக்க முடியாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆசிரியர் ஒருவரின் துணையோடு நீதிமன்றம் போய் வென்றார். பாடங்களை அவருக்கு ஒலிப்பதிவு செய்து கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 98 சதவீதம். பிறகு அமெரிக்காவின் எம்ஐடி. 2024-ல் ராஜ்குமார் ராவ் நடித்து வெளிவந்த ‘ஸ்ரீகாந்த்’ படம் இவர் கதைதான்.

அவரைத் தடுத்த காரணத்தை இன்னொரு முறை பாருங்கள். பாடத்தில் படம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள், படத்தை விவரிப்பது யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. வகுப்பில் வரைபடமும் கிராஃபும் புரியாமலே ஏழாம், எட்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கேட்பதே இல்லை. யாரும் தடுத்த மாதிரியும் இருக்காது.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், முழுப் பார்வையின்மையுடன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் நபர். 2015-ல் பணி ஆணை பெற்றார். ஜாஸ் திரை வாசிப்பானும், வீட்டில் அவருக்குப் படித்துக் காட்டிய குடும்பமும் அந்த வெற்றியில் பங்கு உள்ளவை. படித்துக் காட்ட ஆள் இருக்கும் வீடு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அப்பா விடியற்காலை படகிலும் அம்மா ஏலத் திடலிலும் நிற்கிற வீட்டில், வகுப்பில் தவறவிட்ட ஸ்லைடை இரவு யார் படித்துக் காட்டுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பார்வையற்ற மாணவருக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்கிறது. 42-வது பிரிவு, மின்னணு வடிவில் உள்ள உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை உறுதி செய்ய அரசைக் கேட்கிறது. 2024 நவம்பர் 8-ம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த 15-வது விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை வாழ்வுரிமையின் ஒரு பகுதியாகவே பார்த்தது. வங்கிக் கணக்குக்கான கேஒய்சி தொடர்பான வழக்கு அது, ஆனாலும் அதன் வீச்சு அதோடு நிற்பதில்லை.

அந்தப் பிள்ளையும் ஸ்லைடு போடணுமே?

பலரும் மறந்துவிடும் பக்கம் இது. பார்வையற்ற மாணவர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பவர் இல்லை. கல்லூரி செமினாரில் அவரும் முன்னால் நின்று பேச வேண்டியவர். யூனிகோடில் அடித்து, அமைப்பில் உள்ள கட்டங்களிலேயே தலைப்பும் வரிகளும் எழுதினால் என்விடிஏ துணையோடு அவரே ஸ்லைடு தயாரிக்கலாம். பேசும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன், அதில் குறிப்புகள் மெதுவாக ஓடும். அல்லது பிரெய்லில் சின்ன அட்டைகள். தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951 முதல் இருக்கிறது. எழுத்து திரைக்கு வெளியே வழிகிறதா, படம் தலைகீழாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு நண்பர் பார்த்துச் சொன்னால் போதும். மதிப்பெண் போடும்போது ‘ஸ்லைடு அழகு’க்கு எவ்வளவு என்று துறையில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

எங்கே கேட்கலாம்?

அரசுப் பள்ளி என்றால் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் சிறப்பு ஆசிரியர்கள் வட்டார வள மையம் வழியாகக் கிடைப்பார்கள், தலைமை ஆசிரியரிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும். பார்வை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, உருப்பெருக்கி உதவுமா என்று பரிசோதிக்க எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். பிரெய்ல் நூல்கள், பயிற்சி போன்றவற்றுக்குப் பூந்தமல்லியில் உள்ள தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையத்தை அணுகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனி பிரெய்ல் பிரிவு உண்டு. 2016-ல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தில் அணுகத்தக்க வடிவிலான புத்தகங்கள் கிடைக்கும், உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டும்.

என்விடிஏவை எந்த ஆசிரியரும் இலவசமாகத் தரவிறக்கலாம். நாளைக்கு நடத்தப்போகும் ஸ்லைடைத் திறந்து, மானிட்டரை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்த ஸ்லைடில் ‘படம்’, ‘படம்’, ‘படம்’ என்று மட்டும் வருகிறதோ, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.